இணையாக ஓடும் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள்: வோல்ட்டேஜ் கட்டுப்பாட்டுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை ஒரே பஸ்ஸில் (எல்லா இணைப்புகளும் சேரும் பொதுக் கடத்தியில்) சேர்த்து ஓட்டத் தொடங்கிவிட்டால், பஸ் வோல்ட்மீட்டர் சொல்வது பாதிக் கதைதான். மீட்டரில் பிழை இருக்காது. ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மேலே இழுக்க, இன்னொன்று கீழே இழுக்க, நடுவில் 11 கேவி அசையாமல் நிற்கலாம். துணை மின்நிலையத்துக்குப் புதிதாக வருபவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிய கொஞ்ச காலம் ஆனது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இரவு ஷிஃப்ட். 33/11 கேவி, 16 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு, பஸ் கப்ளர் (இரண்டு பஸ் பகுதிகளையும் இணைக்கும் பிரேக்கர்) மூடி இணையாக ஓடிக்கொண்டிருந்தன. மணிக்கு ஒருமுறை வோல்ட்டேஜ் பார்த்தேன்: 11.0. 'நார்மல்' என்று லாக் புக்கில் எழுதினேன். நள்ளிரவு தாண்டி வந்த மூத்த ஆபரேட்டர் வோல்ட்மீட்டர் பக்கமே திரும்பவில்லை. நேராக ஃபீடர் பேனல்களுக்கு, அதாவது வெளியே போகும் லைன்களின் பேனல்களுக்குப் போனார். "எல்லா ஃபீடரையும் கூட்டிப் பாருப்பா" என்றார். கூட்டினேன், 300 ஆம்பியர். "இப்ப ரெண்டு இன்கமரையும் பாரு." இன்கமர் என்பது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பஸ்ஸுக்கு வரும் இணைப்பு. முதலாவது 500-க்குச் சற்று மேலே, இரண்டாவது 380. வெளியே போவது 300, உள்ளே வருவதாகக் காட்டுவது 880! டேப் பொசிஷனை, அதாவது வோல்ட்டேஜ் விகிதத்தை மாற்றும் படியின் எண்ணைப் பார்த்தால் ஒன்று 13-இல், இன்னொன்று 5-இல். "ரெண்டும் மல்லுக்கட்டிக்கிட்டு நிக்குது" என்றார். லோட் குறைவான நேரத்தில் அந்த இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டிருந்தன.

அந்த 880 எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

சுற்றும் கரண்ட்

மேலே 33 கேவி பஸ் ஒன்று, கீழே 11 கேவி பஸ் ஒன்று, நடுவில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள். விகிதம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் லோடை மட்டும் பகிர்ந்துகொள்ளும். டேப் வேறுபட்டால் ஒன்று கொஞ்சம் கூடுதல் வோல்ட்டேஜும் மற்றது கொஞ்சம் குறைவான வோல்ட்டேஜும் தர முயலும். இரண்டும் ஒரே பஸ்ஸில் கட்டுண்டு கிடப்பதால் அந்த வித்தியாசம் வோல்ட்மீட்டரில் தெரியாது. அது ஒரு கரண்ட்டாக மாறி, ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிளம்பி மற்றொன்றின் வழியே திரும்பி வந்துகொண்டே இருக்கும். இதைத்தான் சர்குலேட்டிங் கரண்ட் என்கிறோம். எந்த நுகர்வோருக்கும் இது போய்ச் சேராது.

கணக்கு எளிது. விகித வித்தியாசம் எத்தனை சதவீதமோ, அதை இரண்டின் இம்பீடன்ஸ் (கரண்ட்டுக்கு உள்ளே உள்ள தடை) சதவீதங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு டேப்புக்கு 1.25 சதவீதம், இம்பீடன்ஸ் இரண்டிலும் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டேப் வித்தியாசத்துக்கு 1.25-ஐ 20-ஆல் வகுத்தால், முழு லோட் கரண்ட்டில் 6.25 சதவீதம் சுற்றும். 16 எம்விஏ-வுக்கு 11 கேவி பக்கம் முழு லோட் கரண்ட் 840 ஆம்பியர். ஆக ஒரு டேப்புக்கு சுமார் 52 ஆம்பியர். இது பெரிய விஷயமில்லை, யாரும் இதற்காகப் பதற வேண்டாம். எட்டு டேப் வித்தியாசம் வந்தால் 420 ஆம்பியர். அன்று இரவு நான் பார்த்தது அதைத்தான்; சுற்றும் கரண்ட் இரண்டு இன்கமரிலும் தெரிந்ததால் கூட்டல் 880 ஆனது.

டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸ் பெரும்பாலும் ரியாக்டன்ஸ். அதனால் சுற்றும் கரண்ட்டும் கிட்டத்தட்ட முழுக்க ரியாக்டிவ்தான், அதாவது உண்மையான வேலை எதையும் செய்யாதது; அதை விஏஆரில் அளப்பார்கள். டேப் உயரத்தில் இருப்பது லேகிங் விஏஆரை வெளியே தள்ளும், தாழ்வில் இருப்பது அதை உள்ளே வாங்கும். மெகாவாட் மீட்டரில் இரண்டும் சமமாகத்தான் காட்டும். எம்விஏஆர் மீட்டரில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே இணை ஓட்டத்தில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு இன்கமரின் எம்விஏஆர். அந்த மீட்டர் இல்லையென்றால் ஆம்பியர்களைக் கூட்டிப் பார்க்கலாம். பஸ்ஸில் கெபாசிட்டர் பேங்க் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கூட்டல் கொஞ்சம் தடுமாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 1: பெயர்ப்பலகையை உட்கார்ந்து படியுங்கள்

இணைப்பதற்கு முன் இரண்டு பெயர்ப்பலகைகளையும் படம் எடுத்து, பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். வெக்டர் குரூப் (இரு பக்கத்து வைண்டிங்குகளின் இணைப்பும் கோண வித்தியாசமும்) பொருந்தாவிட்டால் பேச்சே இல்லை. டிஒய்என்11 ஒன்றையும் டிஒய்என்1 ஒன்றையும் அப்படியே இணைத்தால் நடுவில் 60 டிகிரி வித்தியாசம் நிற்கும். கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் செய்வதற்குச் சமம்.

அடுத்து டேப் அட்டவணை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் டேப் எல்லை +5 முதல் –15 சதவீதம், 17 பொசிஷன். இன்னொன்று +10 முதல் –10 சதவீதம், அதுவும் 17 பொசிஷன். இரண்டிலும் ஒரு படி 1.25 சதவீதம்தான். இரண்டையும் 9-ஆம் டேப்பில் வைத்தால் சமம் என்று தோன்றும். ஆனால் முதலாவதில் 9 என்பது –5 சதவீதம், இரண்டாவதில் 9 என்பது சாதாரண விகிதம். பேனலில் இரண்டும் 9 என்று காட்டிக்கொண்டிருக்க, உள்ளே முழு லோட் கரண்ட்டில் கால்வாசி சுற்றும். அதனால் எண்ணை விட்டுவிட்டு, எந்த எண்ணுக்கு எந்த எச்வி (உயர் வோல்ட்டேஜ் பக்கத்து) வோல்ட்டேஜ் என்று எழுதியிருக்கிறதோ அதை ஒப்பிடுங்கள். ஒப்பிட்டு ஒரு சிறு அட்டவணை போட்டு பேனலில் ஒட்டிவையுங்கள். எண் கூடும்போது எல்வி (தாழ் வோல்ட்டேஜ் பக்கத்து) வோல்ட்டேஜ் கூடுகிறதா குறைகிறதா என்பதையும் அதில் எழுதுங்கள்.

இம்பீடன்ஸ் சதவீதம் லோட் பங்கீட்டைத் தீர்மானிக்கும். 16 எம்விஏ இரண்டில் ஒன்று 8 சதவீதம், மற்றது 10 சதவீதம் என்றால், குறைந்த இம்பீடன்ஸ் உள்ளது அதிக லோடை இழுக்கும். அது 16 எம்விஏ-வைத் தொடும்போது மற்றது 12.8-இல்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து 32 கிடைக்கும் என்று நம்பக் கூடாது, 28.8-தான். இந்த ஏற்றத்தாழ்வை டேப்பை மாற்றிச் சரிசெய்ய முடியாது. ஆம்பியர் சமமாக வேண்டும் என்று டேப்பை ஏற்றி இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆம்பியர் முள்கள் பக்கத்தில் பக்கம் வந்து நிற்கும், ஆனால் மெகாவாட் பங்கு அசையாது. விஏஆர் மட்டும் ஒருபக்கம் குவிந்துவிடும்.

படி 2: ஃபால்ட் லெவல் தாங்குமா

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 சதவீத இம்பீடன்ஸுள்ள 16 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, மேலே சோர்ஸ் மிக வலுவானது என்று வைத்தால், 160 எம்விஏ ஃபால்ட் தரும். 11 கேவியில் சுமார் 8.4 கிலோ ஆம்பியர். இரண்டு இணைந்தால் 16.8. 11 கேவி பிரேக்கர்கள் எல்லாம் இதற்குத் தாங்குமா என்று பாருங்கள். பழைய நிலையங்களில் சில பேனல்கள் தாங்காது. அங்கே இணை ஓட்டமே கூடாது. இன்கமரில் டைரக்ஷனல் ஓவர்கரண்ட் ரிலே (கரண்ட் எந்தத் திசையில் பாய்கிறது என்றும் பார்க்கும் ரிலே) இருக்கிறதா என்பதையும் பாதுகாப்புப் பிரிவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் ஃபால்ட் வந்தால், நல்ல நிலையில் இருப்பதும் சேர்ந்தே ட்ரிப் ஆகலாம்.

படி 3: ஃபேஸிங்

புதிய கேபிள் போட்டிருந்தாலோ, டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியிருந்தாலோ இதைச் செய்யாமல் பிரேக்கரை மூடவே கூடாது. இரண்டு பக்கத்து பிடி (வோல்ட்டேஜை அளப்பதற்காகக் குறைத்துத் தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 110 வோல்ட் பிடி, நியூட்ரல் எர்த் செய்தது என்றால், ஒரே பெயருள்ள ஃபேஸ்களுக்கு நடுவே பூஜ்ஜியத்துக்கு அருகில் வர வேண்டும். வேறு வேறு ஃபேஸ்களுக்கு நடுவே 110 வர வேண்டும். ஒரே ஃபேஸ்களுக்கு நடுவே 33 வோல்ட் வந்தால் 30 டிகிரி தள்ளியிருக்கிறது. 63 வந்தால் 60 டிகிரி. ஒன்பது அளவுகளையும் எடுத்துத் தாளில் எழுதுங்கள். மூன்று பூஜ்ஜியம் பார்த்ததும் போதும் என்று மீட்டரைச் சுருட்டிவிட வேண்டாம். ஃபியூஸ் போன பிடியும் பூஜ்ஜியத்தைத்தான் காட்டும். மற்ற ஆறு அளவுகள்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

படி 4: முதலில் தனித்தனியாக ஏவிஆரைச் சரிசெய்யுங்கள்

லோட் ஓடும்போதே டேப் மாற்றும் ஓஎல்டிசிக்கு வயது குறைவில்லை. இன்று பரவலாக உள்ள வேக ரெசிஸ்டர் வகைக்கு அடிப்படையான காப்புரிமையை 1927-இல் பெர்ன்ஹார்ட் யான்சன் பெற முனைந்தார். டைவர்ட்டர் சுவிட்ச் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவிவிடும். மோட்டார் டிரைவ் ஒரு டேப்பை முழுதாக முடிக்கச் சில விநாடிகள் எடுக்கும். அதற்கு "ஏற்று", "இறக்கு" என்று சொல்வது ஏவிஆர் ரிலே. பழைய வரைபடங்களில் 90 என்ற எண்ணைப் பார்த்தால் அது இதுதான்.

ஏவிஆரில் மூன்று அமைப்புகள் முக்கியம். முதலாவது செட் வோல்ட்டேஜ், அதாவது ரிலே பிடித்து நிறுத்த வேண்டிய இலக்கு.

இரண்டாவது பேண்ட், அதாவது செட் வோல்ட்டேஜிலிருந்து எவ்வளவு விலகினால் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பது. ஒரு டேப் 1.25 சதவீதம் மாற்றும் என்றால், பேண்டின் மொத்த அகலம் அதைவிட நன்றாகவே பெரிதாக இருக்க வேண்டும். ±1.5 சதவீதம் என்று வைத்தால் 110 வோல்ட்டுக்கு 108.35 முதல் 111.65 வரை ரிலே சும்மா இருக்கும். பேண்டைக் குறுக்கி வைத்தால் வோல்ட்டேஜ் இன்னும் கச்சிதமாக இருக்கும் என்று ஆசைப்படுவார்கள். ஒரு டேப் ஏற்றியதும் மேல் எல்லையைத் தாண்டும், இறக்கியதும் கீழ் எல்லையைத் தாண்டும், நாள் முழுக்க ஓஎல்டிசி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கான்டாக்ட் தேய்வதும் எண்ணெய் கெடுவதும்தான் மிச்சம்.

மூன்றாவது டைம் டிலே. மோட்டார் லோட் ஒன்று ஸ்டார்ட் ஆகும்போது வரும் சிறு சரிவுக்கெல்லாம் டேப் மாறக் கூடாது. அதனால் 60 விநாடி போல வைப்பது வழக்கம். மேலே உள்ள கிரிட் நிலையத்திலும் ஓஎல்டிசி இருந்தால் அது முதலில் செயல்பட வேண்டும், உங்களுடையது பொறுத்திருக்க வேண்டும்.

இவற்றோடு தடுப்புகளும் உண்டு: ஃபால்ட் கரண்ட் ஓடும்போது டேப் மாறாமல் நிறுத்துவது, பிடி ஃபியூஸ் போய் வோல்ட்டேஜ் ஒரேயடியாகச் சரிந்தால் "குறைகிறது" என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகாமல் நிறுத்துவது, கடைசி டேப்பில் நிறுத்துவது. ஒவ்வொன்றையும் ரிலே டெஸ்ட் கிட் வைத்துச் சோதியுங்கள்.

படி 5: இருவரையும் பேச வைப்பது

இரண்டு ஏவிஆர்களையும் தனித்தனியே ஆட்டோவில் போட்டுவிட்டு பஸ் கப்ளரை மூடினால் என்ன ஆகும்? இதை மெதுவாகப் பார்க்க வேண்டும்.

முதல் ரிலே தன் பிடியால் வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறைவாகப் பார்க்கிறது, இரண்டாவது கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறது. பிடி துல்லியத்தில் இந்த அளவு வித்தியாசம் இயல்பு. மாலையில் லோட் ஏறி வோல்ட்டேஜ் இறங்கும்போது, முதல் ரிலேதான் முதலில் கீழ் எல்லையைத் தொடும். அது ஒரு டேப் ஏற்றும். இணையாக ஓடுவதால் பஸ்ஸில் பாதிப் படிதான், 0.6 சதவீதம் போலத்தான் உயரும். அது போதுமானதாக இருந்தால் இரண்டாவது ரிலே அசையவே அசையாது. இரவில் லோட் குறைந்து வோல்ட்டேஜ் ஏறும்போது, இரண்டாவதுதான் முதலில் மேல் எல்லையைத் தொடும். அது ஒரு டேப் இறக்கும். இப்படி நாளுக்கு நாள் முதலாவது ஏறிக்கொண்டே போகும், இரண்டாவது இறங்கிக்கொண்டே போகும். பஸ் வோல்ட்டேஜ் மட்டும் எப்போதும் எல்லைக்குள். நான் பார்த்த 13-க்கும் 5-க்கும் பின்னால் இருந்தது இந்தக் கதைதான். இரண்டு ரிலேக்களையும் ஒத்துப்போக வைக்கும் பேரலல் ஸ்கீம் செயல்படாமல் கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. இதை ரன்அவே என்பார்கள்.

இதைத் தடுக்கப் பழக்கத்தில் உள்ள வழிகளில் மூன்றை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள்.

மாஸ்டர்-ஃபாலோயர் முறையில் ஒரு ரிலே மட்டுமே முடிவெடுக்கும், மற்றது அப்படியே பின்பற்றும். ஒரே மாதிரியான டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு இதைவிட எளிமையானது இல்லை. டேப் அட்டவணை வேறுபட்டால் இது சரிப்படாது. டேப் பொசிஷன் தகவல் தவறாக வந்தாலும் இது குருடாகிவிடும். ஃபாலோயர் குறிப்பிட்ட நேரத்துக்குள் பின்தொடராவிட்டால் 'அவுட் ஆஃப் ஸ்டெப்' அலாரம் அடித்து இரண்டையும் பூட்டிவிட வேண்டும்; அந்தப் பூட்டு வேலை செய்கிறதா என்று சோதித்திருக்க வேண்டும். பஸ் கப்ளர் திறந்ததும் ஃபாலோயர் விடுபட்டுத் தன் பஸ்ஸைத் தானே பார்க்க வேண்டும். கப்ளரின் துணை கான்டாக்ட் கோளாறாகி, திறந்த பிறகும் ஃபாலோயர் மாஸ்டரையே பின்தொடர்ந்தால், அந்தப் பக்கத்து நுகர்வோருக்கு வேறு எவருடைய லோடுக்கோ ஏற்ற வோல்ட்டேஜ் போகும்.

இரண்டாவது, சுற்றும் கரண்ட்டையே அளந்து குறைக்கும் முறை. ஒவ்வொரு ரிலேயும் தன் கரண்ட்டை மற்றதோடு பகிர்ந்துகொள்கிறது. மொத்த லோடில் தன் நியாயமான பங்கு போக மீதி உள்ள ரியாக்டிவ் கரண்ட் சுற்றும் கரண்ட் என்று கண்டுகொள்கிறது. கூடுதலாக விஏஆர் தள்ளும் ரிலே, பஸ் வோல்ட்டேஜ் கூடியிருப்பதுபோல எண்ணி இறக்கும், மற்றது ஏற்றும். டேப் அட்டவணை வேறாக இருந்தாலும், இம்பீடன்ஸ் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. இன்றைய டிஜிட்டல் ரிலேக்கள் இருக்கும் இடத்தில் என் விருப்பம் இதுவே. ரிலேக்களுக்கு நடுவேயுள்ள தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து அமைத்துவிடுங்கள்.

மூன்றாவது, நெகட்டிவ் ரியாக்டன்ஸ். இதைப் புரிந்துகொள்ள, லைன் டிராப் காம்பன்சேஷன் தெரிய வேண்டும். ஃபீடரின் கடைசியில் வோல்ட்டேஜ் எவ்வளவு இருக்கும் என்பதை ஏவிஆர் கணிக்க, லைனின் ஆர், எக்ஸ் மதிப்புகளை அதில் கொடுக்கிறோம். லோட் கரண்ட் கூடினால் "கடைசியில் குறைந்திருக்கும்" என்று கணித்து டேப்பை ஏற்றும். தனியாக ஓடும்போது அருமையான வசதி. இணை ஓட்டத்தில் இதுவே வினையாகும். டேப் உயரத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதல் லேகிங் கரண்ட்டைத் தள்ளுகிறது அல்லவா? அதன் ரிலே அதை லோட் என்று நினைத்து இன்னும் ஏற்றும். ரன்அவே நாள்கணக்கில் இல்லாமல் நிமிடக்கணக்கில் நடக்கும். எக்ஸ் மதிப்பின் குறியை மட்டும் தலைகீழாக மாற்றினால் கதையும் தலைகீழாகும்: லேகிங் கரண்ட் கூடியது "வோல்ட்டேஜ் கூடுதல்" என்று தெரியும், ரிலே இறக்கும். இரண்டு ரிலேக்களுக்கும் நடுவே ஒரு ஒயர்கூட வேண்டாம். இதற்கு விலை உண்டு. லோடின் உண்மையான ரியாக்டிவ் கரண்ட்டும் அதே வழியில் ரிலேயை ஏமாற்றும். பவர் ஃபேக்டர் குறையக் குறைய பஸ் வோல்ட்டேஜ் இலக்குக்குக் கீழே தங்கும். ஆர் மதிப்பைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம், ஒரு குறிப்பிட்ட பவர் ஃபேக்டருக்கு மட்டும். ஃபீடர்களில் சூரிய மின் உற்பத்தி நிறைய சேர்ந்து, பகலில் மெகாவாட் குறைந்து விஏஆர் மட்டும் மிஞ்சும் நிலையங்களில் இந்த முறை தடுமாறும்.

காம்பன்சேஷன் பற்றி இன்னொன்று. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டால் மிச்சமுள்ளதன் கரண்ட் இரட்டிப்பாகும். லைனில் ஓடும் கரண்ட் மாறவே இல்லை, ஆனால் ரிலே லோட் இரண்டு மடங்கானது என்று நினைக்கும். அதனால் தனி கரண்ட்டுக்குப் பதில் மொத்தக் கரண்ட்டைக் கொடுக்க வழி இருந்தால் அதையே கொடுங்கள்.

படி 6: இணைப்பது

முதல் டிரான்ஸ்ஃபார்மர் லோடில் ஓடுகிறது. இரண்டாவதை எச்வி பக்கம் சார்ஜ் செய்துவிட்டீர்கள், எல்வி பிரேக்கர் இன்னும் திறந்திருக்கிறது. இரண்டும் ஒரே டேப்பில். இப்போது இரண்டு வோல்ட்டேஜையும் பார்த்தால், இரண்டாவது கூடுதலாகக் காட்டும். புதியவர் கை தானாக 'இறக்கு' பட்டனுக்குப் போகும். சமன் செய்துவிட்டு மூடுவோம் என்ற எண்ணம். அங்கேதான் கையை நிறுத்த வேண்டும். இரண்டாவதில் லோட் இல்லை, அதனால் உள்ளே சரிவும் இல்லை; வோல்ட்டேஜ் கூடுதலாகத்தான் இருக்கும். டேப்பை இறக்கி வோல்ட்டேஜைச் சமன் செய்தால், மூடியதும் லோடைப் பகிர்ந்துகொண்டு சரிவு இரண்டிலும் ஒன்றாகிவிடும்; அப்போது நீங்கள் இறக்கிய டேப்கள் சுற்றும் கரண்ட்டாக மிஞ்சும். இரண்டும் ஒரே 33 கேவி பஸ்ஸிலிருந்து வரும்போது விகிதத்தைச் சமன் செய்யுங்கள், வோல்ட்டேஜை அல்ல. நீங்கள் ஒட்டிவைத்த அட்டவணை இங்கே கைகொடுக்கும்.

இரண்டுக்கும் மேலே வேறு வேறு சோர்ஸ் என்றால் இந்த விதி பொருந்தாது. சோர்ஸ்களுக்கு நடுவே கோண வித்தியாசம் இருந்தால் மெகாவாட்டே சுற்றும். அதை எந்த டேப்பாலும் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட இணைப்பை லோட் டிஸ்பாட்ச் அனுமதியோடு மட்டுமே செய்ய வேண்டும்.

மற்றபடி வரிசை இதுதான்: இரண்டு ஏவிஆரையும் மேனுவலில் வையுங்கள், விகிதம் சமமா என்று பாருங்கள், பிரேக்கரை மூடுங்கள், உடனே இரண்டு எம்விஏஆரையும் படியுங்கள். ஒரே மாதிரி டிரான்ஸ்ஃபார்மர்கள் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். ஒரு டேப் ஏற்றிப் பாருங்கள், ஒரு டேப் இறக்கிப் பாருங்கள். எந்த நிலையில் இரண்டு ஆம்பியர்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவோ, அதுவே சரியான ஜோடி. ஒரே டேப் எண்ணில் அது வராவிட்டால் பெயர்ப்பலகைக்குத் திரும்பிப் போங்கள்.

படி 7: பிரித்து வைத்துப் பாருங்கள், திரும்பி வருகிறதா

முழு வேலையிலும் என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான சோதனை. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

லோட் குறைவான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் மேனுவலில் இருக்க, ஒன்றை ஒரு டேப் ஏற்றுங்கள், மற்றதை ஒரு டேப் இறக்குங்கள். பஸ் வோல்ட்டேஜ் அசையாது. மேலே பார்த்த கணக்குப்படி இரண்டு டேப் வித்தியாசத்துக்கு 105 ஆம்பியர் சுற்றும். இப்போது ஆட்டோவுக்குப் போடுங்கள். டைம் டிலே முடிந்ததும் உயரத்தில் இருப்பது இறங்க வேண்டும், தாழ்வில் இருப்பது ஏற வேண்டும். ரிலேயின் உணர்திறன் போதாமல் இரண்டும் அசையாமல் இருந்தால் இன்னொரு டேப் பிரித்துப் பாருங்கள், அல்லது அமைப்பைக் கூர்மையாக்குங்கள்.

உயரத்தில் இருப்பது மேலும் ஏறினால்? உடனே மேனுவலுக்கு மாற்றுங்கள். சிடி (கரண்ட்டை அளக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்) போலாரிட்டி தலைகீழ், அல்லது எக்ஸ் குறி தவறு, அல்லது சிடி எந்த ஃபேஸில், பிடி எந்த ஃபேஸில் என்று ரிலேயிடம் சொன்னது தவறு. கடைசியானது அடிக்கடி நடக்கும். ரிலே காட்டும் மெகாவாட்டையும் எம்விஏஆரையும் இன்கமர் பேனல் மீட்டரோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரிலே மெகாவாட்டை எம்விஏஆர் என்று படித்துக்கொண்டிருந்தால் இரண்டு எண்களும் இடம் மாறிக் கிடக்கும்.

மாஸ்டர்-ஃபாலோயரில் இந்தச் சோதனை சற்று வேறு: பிரித்ததும் அலாரம் வந்து பூட்ட வேண்டும்.

படி 8: ஒன்றைப் பராமரிப்புக்கு எடுக்கும்போது

மிச்சமுள்ள டிரான்ஸ்ஃபார்மர் முழு லோடையும் தாங்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாங்கும் என்றால், அடுத்தது வோல்ட்டேஜ். இரண்டும் பாதி லோடில், 0.9 பவர் ஃபேக்டரில் ஓடும்போது உள்ளே சுமார் 2.2 சதவீதம் சரிவு. ஒன்றை எடுத்ததும் மற்றது முழு லோடுக்குப் போய் 4.4 சதவீதம் சரியும், அல்லது அதற்குச் சற்று மேலே. ஆக பிரேக்கரைத் திறந்த கணத்தில் நுகர்வோர் பக்கம் 2 சதவீதத்துக்கு மேல் இறங்கும், ஏவிஆர் விழித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும். வோல்ட்டேஜ் ஏற்கெனவே பேண்டின் அடியில் இருந்தால், திறப்பதற்கு முன்பே இரண்டையும் சேர்த்து ஒரு டேப் ஏற்றிவிடுங்கள். திறந்தபின் மிச்சமுள்ளதன் ஏவிஆரை பேரலல் நிலையிலிருந்து இன்டிபென்டன்ட் நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள். ரிலே தானாகவே அறிந்துகொள்ளும் வகை என்றாலும், திரையில் அப்படித்தான் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஓஎல்டிசி மோட்டார் டிரைவ் பாதி டேப்பில் நின்றுவிட்டால், அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப பட்டனை அழுத்த வேண்டாம். மோட்டார் சப்ளையை அணைத்துவிட்டு, மேலதிகாரியிடம் சொல்லுங்கள். தயாரிப்பாளர் கையேட்டில் சொன்னபடி மட்டும் கை வையுங்கள்.

அன்றாடம்

லாக் புக்கில் வோல்ட்டேஜுக்குப் பக்கத்தில் நான்கு எண்கள் சேருங்கள்: இரண்டு டேப் பொசிஷன், இரண்டு எம்விஏஆர். முப்பது விநாடி வேலை. வாரம் ஒருமுறை ஓஎல்டிசி கவுன்ட்டர்களை எழுதி வித்தியாசம் பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தால் நல்லது. ஒன்று 60 முறை மாறியிருக்க மற்றது 4 முறை மட்டும் மாறியிருந்தால், ஒன்று வேலை செய்கிறது, மற்றது தூங்குகிறது, காரணத்தைத் தேடுங்கள். இரண்டும் பல முறை மாறி, டேப் மட்டும் விலகிக்கொண்டே போனால் ஸ்கீமில் கோளாறு.

அன்று இரவு அந்த மூத்த ஆபரேட்டர் இரண்டையும் மேனுவலில் போட்டார். மேலே இருந்ததில் ஒரு டேப் இறக்கினார், கீழே இருந்ததில் ஒரு டேப் ஏற்றினார். மோட்டார் ஓய்ந்ததும் ஆம்பியர் மீட்டரைக் காட்டி, என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். நான்கு முறை இப்படி மாறி மாறிச் செய்தோம். ஒவ்வொரு முறையும் இரண்டு முள்களும் இறங்கிக்கொண்டே வந்தன. இரண்டும் 9-க்கு வந்தபோது ஒவ்வொன்றும் 150-இல் நின்றது. வோல்ட்மீட்டர் தொடக்கம் முதல் கடைசிவரை 11.0 தான்.